இறக்கம் இல்லாத முற்றம்

என் முற்றத்தில் அந்த மெசின் ஒரு நாளும் பிழை செய்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த என் கராஜ் முற்றத்தில் கையைத் தூக்கு என்றால் தூக்கும், இறக்கு என்றால் இறக்கும், நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டும். பாலத்தைக் கடந்து வாவியின் மேற்கே படுவான்கரைக்குப் போனதும் கைகால் விழுந்துவிடும். பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும் வயிற்றுவலி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அந்த வகை.

ஓர் ஆள் உட்காரக் கூடிய கூடு, நான்கு குட்டைச் சில்லுகள், முன்னால் இரண்டு கைகள், அவற்றின் நுனியில் மண் அள்ளும் பக்கெட். அவ்வளவுதான் மெசின். திருப்புவதற்கு ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கச் சில்லுகளைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை உருட்டினால் நின்ற இடத்திலேயே கிறுகிவிடும். வாவியில் நண்டு பிடித்துத் தின்று வளர்ந்த சனம் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தது. கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, இடிந்த வீடுகளை அள்ளுவதற்காக வெளிநாட்டு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள், நண்டு மட்டும் ஒரு கொட்டிலில் நின்றது. அதற்குள் சண்டை மூண்டது. படுவான்கரைச் சனம் முழுவதும் வாவிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து கூடாரங்களில் இருந்தது. சரி, இனி ஊருக்குப் போகலாம் என்று விட்டபோது வயலும் வாய்க்காலும் கிடந்த கிடையைப் பார்த்து, வவுணதீவுக்கு அப்பால் ஒரு வட்டையின், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்வெளியின், வயற்காரர்களிடம் நண்டைக் கொடுத்தார்கள்.

கொடுத்த நேரத்தில் அது நடக்கிற நிலையில் இல்லை. என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். பம்பின் சீல் கசிந்தது, தூக்கும் கையின் சிலிண்டர் ஒன்று ஒழுகியது, குழாய்கள் வெயிலில் வெடித்திருந்தன. இந்த மெசினின் பலம் எல்லாம் எண்ணெயில்தான். தாங்கியில் இருக்கும் எண்ணெயைப் பம்ப் உறிஞ்சி எடுத்து, அழுத்தத்தோடு கைகளுக்கும் சில்லுகளுக்கும் அனுப்பும். எண்ணெய் ஓடினால்தான் மெசின் ஓடும். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். எண்ணெய் ஊற்றும் வாயில் கிண்ணம்போல் ஒரு கம்பிவலை உண்டு, குப்பை உள்ளே விழாமல் தடுக்க. அதன் அடி உக்கி, தொட்டதும் பொடியானது. கழற்றி எறிந்தேன். புதியது கொழும்பிலிருந்து வர வேண்டும். அந்த நாட்களில் எங்களுக்குக் கொழும்பும் சீமையும் ஒன்றுதான்.

“வலை வாற வரைக்கும் ஒயில துணியால வடிச்சு ஊத்துங்க,” என்று மெசினை எடுக்க வந்த வட்டைவிதானையாரிடம் சொல்லி அனுப்பினேன். அந்த வட்டையில் யாருக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எந்த வாய்க்கால்கட்டின் உடைப்பை யார் அடைப்பது என்பதெல்லாம் அவர் வாயில் இருந்து வர வேண்டும். வயற்காரர்களே தெரிவு செய்த ஆள். அறுபதைத் தாண்டியவர், நெடிய உருவம், தோளில் எப்போதும் ஒரு சால்வை. அவர் தலையாட்டினார். ஆனால் அந்த மெசினை ஓட்டுகிறவர் அவர் இல்லை. ஓட்டுகிறவள் அந்த நேரம் மறுபக்கத்தில் நின்று டிரக்டர் பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஓம், ஓட்டுகிறவள். முப்பது வயது இருக்கும். கடல் வந்த பிறகு இடிபாடுகளை அள்ளிய காலத்தில் அந்த நண்டை ஓட்டியவர் அவளுடைய புருஷன். அவள் அதே இடத்தில் கூலிக்குக் கல் சுமந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவர் இறங்க இவள் ஏறிப் பழகியிருக்கிறாள். சண்டை மூண்டு கூடாரத்தில் இருந்த காலத்தில், ஒரு காலைநேரம் விறகுக்கென்று போன அவர் திரும்பவில்லை. கொண்டுபோய்விட்டார்கள் என்று சனம் சொன்னது. யார் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அப்படியான காலம். ஊருக்குத் திரும்பி நண்டும் வந்து சேர்ந்தபோது, அதன் பிடிகளைத் தொட்டுப் பழகிய ஆள் அந்த வட்டையில் இவள் ஒருத்திதான்.

திருத்த வேலை நடந்தபோது எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை வந்தது. அந்த இருக்கை அவளுக்குச் சரியில்லை. கடைசிப் பல்வரைக்கும் பின்னால் தள்ளிக் கிடந்தது. அவளுக்கோ கால் எட்டாது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு ஓட்டினாள். கம்பிக்குக் கிறீஸ் பூசி இருக்கையை முன்னால் தள்ளிக் கொடுப்போம் என்று நல்ல எண்ணத்தில் கை வைத்தேன்.

“அதத் தொடாதீங்க,” என்றாள். கத்தவில்லை, ஆனால் கத்தியதைவிட மோசமாக இருந்தது.

“ஒனக்கு வசதியா இருக்குமெண்டுதான் புள்ள.”

“அது அவர் வெச்ச அளவு. அவர் வந்து இருக்கிற நேரம் மறுகா அளவு பார்க்க ஏலா. அவர் வாற வரைக்கும் நான் சும்மா பிடிச்சிக்கிட்டிருக்கன், அவ்வளவுதான்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், உண்மைதான். ஆனால் அன்று கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போனேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளை எனக்குப் பிடித்திருந்தது. மெசினை ஏற்றுவதற்கு முன் தாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே விரல் விட்டு, மூடி, துணியால் துடைத்தாள். “ஒயில் பார்த்தன் அண்ணன்,” என்றாள். எத்தனையோ டிரைவர்களைக் கண்டிருக்கிறேன், எண்ணெய் முடிந்து எஞ்சின் இறுகும்வரை மூடி எங்கே இருக்கிறது என்றே அறியாதவர்கள். இது நல்ல கை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு கிழமை போகவில்லை, விதானையார் டிரக்டரில் நண்டை ஏற்றிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்து நின்றார். அவள் வரவில்லை. டிரக்டர் ஓட்டுகிற ஒரு இளந்தாரிதான் கூட வந்தான்.

“என்ன வேல செஞ்சிருக்காய் தம்பி? கை பாதியில நிண்டிருது. சில்லும் இழுக்குதில்ல. உடைப்பு அப்பிடியே கிடக்கு.”

அந்த உடைப்பைப் பற்றி நகரத்திலேயே பேச்சு அடிபட்டது. வட்டைக்குப் பிரதான வாய்க்காலின் கட்டு, சனம் இல்லாத இரண்டு மாரியில் அறுந்து, ஒரு டிரக்டர் போகிற அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. அதற்குக் கீழேதான் எல்லாரும் விதைத்திருந்தார்கள். நெல் முளைத்து விரல் உயரத்தில் நின்றது. அடைமழை பிடித்தால் வாய்க்கால் தண்ணீர் அந்த வாயால் இறங்கி முளை முழுவதையும் வாரிக்கொண்டு போகும். மண்மூட்டை அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆண் ஆட்கள் குறைந்துபோன ஊரில் மூட்டை சுமக்க ஆளேது?

முற்றத்தில் நண்டை இறக்கி நானே ஏறினேன். கால் எட்டியது, எனக்கு நெடிய கால். கையைத் தூக்கினேன், வானம் வரைக்கும் போனது. பக்கெட் நிறைய மணலை அள்ளி முற்றத்தை வட்டமடித்தேன். எண்ணெய் சூடேறட்டும் என்று விட்டுவிடாமல் ஓட்டினேன். ஒரு முக்கல் இல்லை, முனகல் இல்லை.

“மெசினில பிழ இல்ல விதானையார்,” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை அவர் சொன்னார்.

“அப்ப ஓட்டுற ஆளிலதான் பிழ. ஆடத் தெரியாதவள் முத்தம் கோணல் எண்டாளாம். பொம்புளைக்கிட்ட இரும்பக் குடுத்தா இப்பிடித்தான்.” பக்கத்தில் நின்ற இளந்தாரியைக் காட்டினார். “நாளைக்கி மறுநாள் சனிக்கிழம. அதுக்குள்ள அவள் அந்த வாய அடைக்காட்டி, இவனத்தான் மெசினில ஏத்துவன்.” சொல்லிவிட்டு நண்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை கராஜைத் திறக்கிறேன், வாசலில் அவள் நிற்கிறாள். முதல் பஸ்ஸுக்கு நடந்துவந்து, ஆமிக்காரரின் சென்றியில் சோதனைக்கு வரிசையில் நின்று, பாலத்தைக் கடந்து வந்திருக்கிறாள். கையில் ஒன்றும் இல்லை.

“அண்ணன், நீங்க வந்து பாருங்க.”

“பார்த்தாச்சு. நேத்து இஞ்ச நல்லா ஓடினது.”

“இஞ்ச ஓடும்.” முற்றத்தை ஒரு தடவை பார்த்தாள். “உங்கட முத்தத்தில இறக்கம் இல்லயே.”

எனக்குச் சுருக்கென்று பட்டது. என் தொழிலை என் வாசலில் நின்று ஒருத்தி எனக்கே சொல்லித்தருவதா என்று ஒரு கோபம் வந்தது. அவள் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று அதே நேரத்தில் மண்டைக்குள் ஒன்று தட்டியது.

“இறக்கத்தில மட்டுமா?”

“ஓம். மேட்டில மண் அள்ளக்க நல்லம். உடைப்புக்கு இறங்கக்க கொஞ்சத்தில பம்ப் கூவுது. மறுகா கையும் இல்ல, சில்லும் இல்ல. நிப்பாட்டிப்போட்டு எடுத்தா மறுகா ஓடுது. அவரெண்டா கண்டுபிடிச்சிருப்பார். எனக்குத் தெரியுதில்ல.” அதுவரை நேராகப் பேசியவளின் குரல் அந்த இடத்தில் உடைந்தது. “அந்த சீட்ட விட்டுக்குடுக்க ஏலா அண்ணன். அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்ற?”

மெசின் கழற்றும் சாவிகள் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு கராஜைப் பூட்டினேன்.

சென்றியில் வழமையான கூத்து. என் சாவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். அனுமதி எடுத்துக் கொண்டுபோன ஒரு கேன் எண்ணெயை ஒரு பொடியன் விரலில் தொட்டு முகர்ந்தான், எதற்கென்று அவனுக்கும் தெரியாது. பெண்கள் வரிசை வேறாகப் போனது. எனக்கு முன்னால் ஒரு வயதான மனுசி சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்ட மாட்டேன் என்று மல்லுக்கட்டினாள். கடைசியில் அவிழ்த்தாள். உள்ளே வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும்தான். அந்த வரிசையில் முடிச்சு, பொட்டலம், மடிப்பு எதையும் விடமாட்டார்கள். என்னோடு வந்தவள் வெறுங்கையோடு, வெறும் தலைப்போடு, ஒரு நிமிடத்தில் அந்தப் பக்கம் போய் நின்றாள்.

வட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது வடகிழக்கில் மேகம் கறுத்திருந்தது. நண்டு மேட்டில் நின்றது. மண் எடுக்க அந்த ஒரு மேடுதான். மற்ற இடங்களில் இன்னும் கண்ணிவெடி பார்த்து முடியவில்லை, மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நட்டிருந்தது. ஆகவே அந்த மேட்டில் அள்ளி, அந்த ஒரே சரிவால் இறங்கி, உடைப்பில் கொட்ட வேண்டும். சுற்றிப் போக வழி இல்லை. விதானையாரும் ஏழெட்டு ஆட்களும் வாய்க்கால் கட்டின்மேல் நின்றார்கள். டிரக்டர் இளந்தாரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

முதலில் எண்ணெயைப் பார்ப்போம், நுரை இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்று நினைத்து மூடிக்குக் கை நீட்டினேன்.

“நான் திறக்கிறன் அண்ணன்,” என்று அவள் இடையில் புகுந்தாள். மூடியைத் திருகி எடுத்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டாள். விட்ட விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“என்ன புள்ள, விரல் வெட்டிட்டா?”

“இல்ல.” விரலை எடுத்தாள். “இஞ்ச ஒரு வல இருந்ததே அண்ணன்?”

“அடி உக்கிப் போச்சு, கழட்டிட்டன். விதானையார்ட சொன்னனே.”

அவள் முகத்தில் இரத்தம் இல்லை. விதானையார் சொல்லவில்லை என்ற கோபம்போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது மெசின்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

எண்ணெய் தெளிவாக இருந்தது, நுரை இல்லை. உறிஞ்சும் குழாயின் மூட்டுகளில் கிறீஸை அப்பிப் பார்த்தேன். காற்று இழுக்கிற மூட்டாக இருந்தால் கிறீஸ் அடைத்து, சத்தம் மாறும். மாறவில்லை. அவளை ஏற்றி மேட்டில் ஓடச் சொன்னேன். நல்ல பிள்ளையாக ஓடியது. சரிவில் இறங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நடந்தேன். பாதிச் சரிவில் பம்ப் கூவத் தொடங்கியது. வெறுங்குடத்துக்குள் காற்று ஊதினாற்போல ஒரு சத்தம். பக்கெட் அரையில் நின்றது. சில்லுகள் இழுத்து இழுத்து ஓய்ந்தன.

“பார்த்தியா, நான் சொல்லல்ல?” என்று விதானையார் கட்டின்மேல் நின்று சத்தம் போட்டார்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். வெற்றிலை ஒரு வாய் போடுகிற நேரம் பொறுத்து மறுபடி எடுத்தாள். சுகமாகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு வெளித்தது. கை மட்டும் களைத்தால் கையில் நோய். கையும் காலும் ஒன்றாகக் களைத்தால் வயிற்றில் நோய். தேய்ந்த பம்ப் சூட்டுக்குக் களைக்கும், சரிவுக்குக் களைக்காது. பழுதான வால்வு ஓய்வெடுத்தால் சுகமாகாது. தாங்கிக்குள் ஏதோ ஒன்று அடியில் கிடக்கிறது. மெசின் மூக்குக் குத்தி இறங்கும்போது அது முன்னால் சரிந்து, பம்ப் உறிஞ்சுகிற குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் நின்றால் உறிஞ்சல் இல்லை, விட்டுவிடுகிறது.

“தாங்கிய வடிக்கணும். ரெண்டு பரல் கொண்டாங்க, சுத்தமா,” என்றேன். அந்த எண்ணெயில் ஒரு துளியும் வீணாகக் கூடாது, இன்னொரு கேனுக்கு அனுமதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் அசையுமுன் அவளே ஓடினாள். கூடாரத்தில் தண்ணீருக்குக் கொடுத்த நீலப் பிளாஸ்டிக் பரல்களை உருட்டிக்கொண்டுவந்து சேலைத்தலைப்பால் உள்ளே துடைத்து வைத்தாள். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் துடைத்திருக்கிறாள்.

எண்ணெய் வடிந்ததும் தாங்கியின் பக்கத்து மூடியைக் கழற்றி, வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவினேன். ஏதோ மெதுவாகச் சிக்கியது. இழுத்தேன்.

ஒரு சாண் நீளத்தில் துணி. எண்ணெய் குடித்திருந்தாலும் மஞ்சள் நிறம் தெரிந்தது. ஒரு முனை குழாய்வாயில் உறிஞ்சுப்பட்டு, முறுகி வால்போல் இருந்தது. மறுமுனையில் இறுக்கமான ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் வட்டமாக, தட்டையாக ஒன்று.

எங்கள் பக்கத்து ஆள் எவனுக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அம்மனுக்கு நேர்ந்து, காசை மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிற நேர்த்தி முடிச்சு. கேட்டது நடந்தால் கோயிலில் கொண்டுபோய் அவிழ்ப்பது. அதுவரை யாரும் அவிழ்க்கக் கூடாது. சென்றி, வெறுங்கை, எண்ணெய் பார்த்த விரல், எல்லாம் ஒரு நொடியில் வந்து கோத்துக்கொண்டன. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நண்டின் இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விதானையார் கட்டின்மேலிருந்து இறங்கி வந்துவிட்டார். “என்ன அது?”

முடிச்சு உள்ளங்கைக்குள் இருந்தது. பொத்திக்கொண்டேன். வால் மட்டும் வெளியே தொங்கியது.

“எங்கட கராஜ் துணி விதானையார். துடைச்சிட்டு உள்ளுக்க விட்டுட்டம். பிழ எங்கட. அந்தப் புள்ளையில ஒரு பிழையும் இல்ல.”

இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. என் வேலையைக் குறை சொன்னதற்காகச் சொந்த மச்சானோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவன் நான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“நாசமாப் போன வேல!” என்று விதானையார் வெடித்தார். “ஒரு சீலத்துண்டுக்கா இவ்வளவு பாடு? நான் அந்தப் புள்ளையப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டன். எறி அத! எறி வாய்க்காலுக்குள்ள!”

பொய் சொல்ல எனக்குத் தெரிந்தது, பொய்யை முடிக்கத் தெரியவில்லை. சீலைத்துண்டு என்றால் எறியத்தான் வேண்டும். எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தடியில் வாய்க்கால் தண்ணீர் ஓடியது. பிறகு தேடி எடுக்கலாம் என்று ஒரு முட்டாள் நினைப்பு ஓடியது. கையை ஓங்கினேனோ, ஓங்கப் போனேனோ.

“எறிய வேணா.”

அவள் முன்னால் வந்து நின்றாள்.

“அது சீலத்துண்டு இல்ல மாமா. அவருக்கு நேந்து முடிஞ்சது. சென்றியில ஒவ்வொரு தரமும் அவுக்கச் சொல்றாங்க. அவுத்தா அது நேத்தியா? அதுதான் ஒயில் வாயில இருக்கிற வலைக்குள்ள வெச்சிருப்பன். அதுக்குள்ள ஆரும் கை போடமாட்டாங்க. திருத்தக் குடுக்கிற நேரம் எடுத்து டவுனில தெரிஞ்ச வீட்டில வெச்சன், திரும்ப ஏத்தக்க மெசினில வெச்சன். அவசரத்தில உள்ளுக்க விட்டன், வல இல்லாதது எனக்குத் தெரியா, மறுகா மூடிய திறந்தும் பார்க்கல்ல. கராஜில பிழ இல்ல. மெசின் படுத்தது என்னாலதான்.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள், என்னிடம். நான் கொடுக்குமுன் விதானையார் மறித்தார்.

“காட்டு தம்பி.”

உள்ளங்கையை விரித்தேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு பகிடியும் எழவில்லை, டிரக்டர் இளந்தாரிகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வருஷம் அந்த ஊரில் இப்படி ஒரு முடிச்சு இல்லாத வீடு எது? விதானையார் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்தார். முடிச்சை அதற்குள் வைத்து, அவிழ்ந்துவிடாமல் மெதுவாக ஒற்றி ஒற்றி எண்ணெயை எடுத்தார். சால்வை பாழாகியது. பிறகு முடிச்சை அவள் கையில் வைத்தார்.

அவளை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“வல இல்லாம மெசின வெளியில விட்ட மெக்கானிக் நீ. ஊத்துற வாய ஓட்டையா வெச்சிக்கிட்டு ஒனக்கு என்ன பொய் கிடக்கு?”

“நான் உங்களுக்குச் சொன்னன் விதானையார்!”

“எனக்குச் சொன்னா? நானா ஓட்டுறன்? ஓட்டுற ஆளுக்குச் சொல்லணும்!” அவள் பக்கம் கையை வீசினார். “ஏறு புள்ள. மழ வருகுது.”

வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஏச்சு வாங்கியதில்லை. அதை மறைக்க, எண்ணெயை வடிக்க ஒரு துணி கொண்டுவாருங்கள் என்று எல்லாரையும் பார்த்துக் கத்தினேன்.

ஊற்றும் வாய்க்கு ஒரு வலை வேண்டுமே. பக்கத்து வாடியில், வயற்காவலுக்கு இருக்கிறவர்கள் தேநீர் போட வைத்திருந்த தகர வடிகட்டியைக் கேட்டு வாங்கினேன். பிடியை முறித்து, ஓரத்தை நெளித்து, வாயில் இறுக்கினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. பக்கத்து மூடியைப் பூட்டி, எண்ணெயைத் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றிவிட்டு நகர்ந்து நின்றேன். அவள் வந்து, முடிச்சை அதற்குள் வைத்து, மூடியைத் திருகினாள். தேயிலைக் கறையோடு அம்மன் காசு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

நண்டு சரிவில் இறங்கியது. பாதிச் சரிவு வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன். பம்ப் கூவவில்லை. பக்கெட்டைத் தூக்கி, மண்ணை உடைப்பில் கொட்டி, நின்ற இடத்திலேயே கிறுகி மேலே வந்தாள். பொழுது சாயும்வரை அதே வேலை. ஆட்கள் மண்ணை மிதித்து இறுக்கினார்கள், விதானையாரும் எண்ணெய்ச் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு மிதித்தார். சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பக்கெட் மண் விழுந்தது. அன்று பின்னேரமே மழை பிடித்தது. கட்டு நின்றது.

அதற்குப் பிறகு நண்டு என் கராஜுக்கு ஒழுங்காக வந்துபோனது. கொழும்பு வலையும் ஒரு நாள் வந்தது. பூட்டிக் கொடுத்தேன். அவள் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடிச்சை எடுக்காமலே போவாள். என் கராஜில் எடுக்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்குமுன் எனக்குள் ஒரு நினைப்பு எழும்பும். இந்த முறை வலை வெறுமையாக இருந்தால் நல்லது. திறந்து பார்ப்பேன். கிடக்கும். மஞ்சள் மங்கி, பழுப்பாகி, கடைசியில் எண்ணெயின் நிறத்துக்கே வந்துவிட்டது. எண்ணெய் மாற்றும்போது அதைச் சுத்தமான துணியில் எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப வைப்பேன். ஒரு முறையும் அவிழ்ந்ததில்லை.

சண்டை முடிந்தது. சென்றிகள் ஒவ்வொன்றாகப் போயின. இனி யாரும் முடிச்சை அவிழ்க்கச் சொல்லப் போவதில்லை, வீட்டில் சாமித்தட்டில் வைக்கலாம். அவள் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது அவருடைய இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

பல வருஷம் கழித்து நண்டின் பம்ப் ஒரேயடியாகப் போய்விட்டது. அடிச்சட்டமும் உக்கியிருந்தது. திருத்துவதில் அர்த்தமில்லை என்று நானே சொல்லிவிட்டேன். வட்டைக்கு வேறொரு மெசின் கிடைத்தது, அதே மாதிரி, கொஞ்சம் பெரிது. பழையதை இரும்புக்குக் கொடுக்கிற நாளில் அவள் கராஜுக்கு வந்தாள். தலையில் நரை இறங்கியிருந்தது. பழைய நண்டின் மூடியைத் திறந்து, முடிச்சை எடுத்து, இருக்கையில் கிடந்த தலையணையையும் எடுத்துக்கொண்டாள்.

புது மெசின் முற்றத்தில் நின்றது. அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள்.

“அண்ணன், இதில ஒயில் வாயில வல இருக்கா?”

“இருக்கு. நானே கழட்டிப் பார்த்துத்தான் பூட்டினன். அடி உறுதி.”

மூடியைத் திறந்தாள். விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, முடிச்சை உள்ளே வைத்தாள். மூடித் துடைத்துவிட்டு மேலே ஏறினாள். புது இருக்கை அவளுடைய காலுக்குச் சரியான அளவில்தான் இருந்தது, முதல்நாளே நான் பார்த்து வைத்திருந்தேன். அவள் குனிந்து பிடியை இழுத்து, இருக்கையைக் கடைசிப் பல்வரைக்கும் பின்னால் தள்ளினாள். பிறகு முதுகுக்குத் தலையணையை வைத்துக்கொண்டு எஞ்சினை எடுத்தாள்.